போன் வாங்கும் முன் எதைப் பார்ப்பது? டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன் நிறுவனங்கள் தரும் விவரப் பட்டியலில் எழுதியிருப்பது பெரும்பாலும் உண்மைதான். ஏமாற்றம் வருவது எழுதாமல் விட்ட இடத்தில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் போன் வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும், அந்த விடுபட்ட இடங்களை எப்படித் தேடுவது என்பதையும் இங்கே தொகுத்திருக்கிறோம்.

விவரங்களை எங்கே பார்ப்பது? யார் சொல்வதை நம்புவது?

முதலில் அந்த நிறுவனத்தின் இந்தியத் தளம். அதிலும் படங்கள் நகரும் விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு, விவரக்குறிப்பு என்று தனியாக இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் நட்சத்திரக் குறியிட்ட குறிப்புகள் இருக்கும். உண்மையான தகவல் அங்கேதான் கிடக்கிறது. ‘ஆய்வகச் சூழலில் அளந்தது’, ‘குறிப்பிட்ட பகுதியில் மட்டும்’, ‘நெட்வொர்க்கைப் பொறுத்தது’ போன்ற வரிகளை ஒன்றுவிடாமல் படியுங்கள்.

அடுத்து ஜிஎஸ்எம்அரீனா போன்ற ஒப்பீட்டுத் தளங்கள். இரண்டு மூன்று போன்களை அருகருகே வைத்துப் பார்க்க இவை நல்லவை. ஆனால் ஒரே பெயரில் சீனாவில் வரும் போன் வேறு, ஐரோப்பாவில் வருவது வேறு, இந்தியாவில் வருவது வேறாக இருக்கும். பேட்டரி, கேமரா, சில சமயம் சிப்பே மாறும். ஆகவே பெயரை வைத்துத் தேடாமல் மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டும். அது பெட்டியின் பக்கவாட்டு லேபிளில் இருக்கும். போனில் செட்டிங்ஸ், ‘போனைப் பற்றி’ என்ற இடத்திலும் இருக்கும். பெயருக்குப் பின்னால் வரும் லைட், எஸ், எக்ஸ், நியோ போன்ற ஒட்டுகளை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் எழுத்து மாறினால் அது வேறு போன்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: பெருமை அடித்துக்கொள்ளக் கூடிய எதையும் எந்த நிறுவனமும் சொல்லாமல் விடாது. ஒரு வசதியின் பெயர் பட்டியலில் இல்லையென்றால் அது போனிலும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

5ஜி போன் என்கிறார்கள். எங்கள் ஊரில் 5ஜி எடுக்குமா?

இது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன: ஊரில் டவர் இருக்கிறதா, அந்த டவர் பேசும் அலைவரிசை போனில் இருக்கிறதா, அந்த நிறுவனம் பயன்படுத்தும் 5ஜி முறையைப் போன் ஏற்குமா.

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியது. பரவலாக ஓடுவது 3,300 மெகாஹெர்ட்ஸையொட்டிய என்78 என்ற அலைவரிசையில். இதில் வேகம் கிடைக்கும், ஆனால் தூரம் போகாது. கனத்த சுவரைத் துளைப்பதும் கஷ்டம். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையான என்28 இதற்கு நேர்மாறு: வேகம் குறைவு, தூரம் அதிகம், வீட்டுக்குள்ளும் நுழையும். 2022 ஏலத்தில் தனியார் நிறுவனங்களில் ஜியோ மட்டுமே 700-ஐ வாங்கியது. கும்பகோணம் கடைத்தெருவில் நிற்கிறவருக்கு என்78 போதும். வயல் நடுவே ஒதுங்கியிருக்கும் குடியிருப்பில் ஜியோ சிம் போட்டுப் பேசுகிறவருக்கு என்28 இல்லாத போன் வீண். பட்டியலில் ‘5ஜி அலைவரிசைகள்’ என்ற வரியைத் தேடி 28, 78 இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘13 அலைவரிசைகள்’ என்று எண்ணிக்கையை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அதில் மயங்க வேண்டாம்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாதது. 5ஜியில் எஸ்ஏ, என்எஸ்ஏ என்று இரண்டு முறைகள் உண்டு. எஸ்ஏ தன் காலில் தானே நிற்பது. என்எஸ்ஏ 4ஜியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பது. ஜியோ எஸ்ஏவில் ஓடுகிறது. ஏர்டெல் தன் 5ஜியைத் தொடங்கியது என்எஸ்ஏவில். 2024 கடைசியில் மிகக் குறைந்த விலைக்கு வந்த ஒரு 5ஜி போன் எஸ்ஏவை மட்டுமே ஏற்றது. ஏர்டெல் சிம் போட்டால் 4ஜியோடு நின்றுவிடும் என்பது பொடி எழுத்தில்தான் இருந்தது. பத்தாயிரம் ரூபாயைச் சுற்றியுள்ள போன் என்றால் ‘எஸ்ஏ/என்எஸ்ஏ’ என்று இரண்டும் எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

டவர் இருக்கிறதா என்பதை அறிய, ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் கவரேஜ் வரைபடத்தில் உங்கள் ஊரைப் பெரிதாக்கிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி இதை வெளியிட்டாக வேண்டும். ஆனால் வரைபடம் காட்டுவது தெருவை. உங்கள் வீட்டுக் கூடத்தை அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் 5ஜி போனை வாங்கி உங்கள் கூடத்தில் வைத்துப் பார்ப்பது எந்த வரைபடத்தையும்விட நம்பகமானது.

வீட்டுக்குள் டவர் எடுக்காது, ஆனால் வைஃபை இருக்கிறது என்றால் ‘விஓவைஃபை’ உள்ள போனாகப் பாருங்கள். அழைப்பு வைஃபை வழியாகப் போய்விடும். உங்கள் சிம் நிறுவனத்துக்கு அந்த மாடலில் அது இயங்குமா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிஎஸ்என்எல் சிம் வைத்திருக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

பிஎஸ்என்எல் 4ஜி ஓடுவது முக்கியமாக 700, 2,100 மெகாஹெர்ட்ஸ்களில். அதாவது 4ஜி அலைவரிசைப் பட்டியலில் பி28, பி1. பி1 அநேகமாக எல்லாப் போனிலும் இருக்கும். பி28தான் தகராறு. இந்தியாவுக்கென்று வந்த பழைய போன்கள் பலவற்றில் அது இல்லை, ஏனென்றால் அப்போது இங்கே அதில் யாரும் 4ஜி ஓட்டவில்லை. ‘பிஎஸ்என்எல் டவர் பக்கத்திலேயே இருக்கிறது, என் போனில் மட்டும் 4ஜி காட்டவில்லை’ என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம். அலைவரிசை சரியாக இருந்தும் பேச்சு மட்டும் போகவில்லையென்றால், அந்த மாடலில் பிஎஸ்என்எல்லுக்கான விஓஎல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) திறந்துவிடப்படவில்லை என்று பொருள். அது அப்டேட்டில் வந்தால்தான் உண்டு.

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. விஓஎல்டிஇ இல்லாத பழைய போனில் ஜியோவில் சாதாரண அழைப்பே போகாது.

இரண்டு சிம் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யுமா?

காத்திருப்பில் இரண்டும் விழித்திருக்கும். ஒன்றில் பேசத் தொடங்கினால், பெரும்பாலான போன்களில் மற்றதற்கு அழைப்பவருக்கு ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றே கேட்கும். வியாபாரம் செய்கிறவர்கள் இரண்டாவது எண்ணில் அழைப்பு மாற்றம் போட்டுக்கொள்வது நல்லது. மெமரி கார்டும் போட நினைத்தால், சிம் தட்டில் மூன்று இடங்களா, அல்லது இரண்டாவது சிம்மும் கார்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும் ஹைப்ரிட் தட்டா என்று பாருங்கள்.

16 ஜிபி ராம் என்று போட்டிருக்கிறதே, உண்மையா?

‘8+8’ என்று எழுதியிருந்தால் முதல் 8 மட்டுமே ராம், அதாவது செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். இரண்டாவது 8, ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கிய இடம். அது ராமைவிடப் பல மடங்கு மந்தமானது. போன் வேகம் கூடாது, உங்கள் ஸ்டோரேஜ்தான் 8 ஜிபி குறையும். செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம். இன்றைய ஆண்ட்ராய்டுக்கு உண்மையான 6 ஜிபி குறைந்தபட்சம், 8 வசதி. 4 ஜிபி போன், வங்கிச் செயலிக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறி மாறிப் போகும்போதே மூச்சு வாங்கும். ஓடிபி பார்க்கப் போய்த் திரும்புவதற்குள் வங்கிச் செயலி முதலிலிருந்து தொடங்கும்.

128 ஜிபி போதுமா?

128 என்பது 1,000-ஆல் பெருக்கிய கணக்கு. 1,024-ஆல் கணக்கிட்டால் 119 சொச்சம். சிஸ்டமும் முன்கூட்டியே போட்டுத்தரும் செயலிகளும் 15 முதல் 25 ஜிபி எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது சுமார் 95 முதல் 105 வரை. ஃபுல் எச்டியில் ஒரு நிமிட வீடியோ ஏறத்தாழ 120 எம்பி. கல்யாணத்தில் ஒரு மணி நேரம் பிடித்தால் 7 ஜிபி போயிற்று. நான்கு வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், கார்டு இடமும் இல்லை என்றால் 256 வாங்குங்கள்.

அளவைவிட வகை முக்கியம் என்பது எங்கள் கருத்து. இஎம்எம்சி என்பது பழைய, மந்தமான வகை. ஒரு நேரத்தில் படிக்கவோ எழுதவோ ஒன்றைத்தான் செய்யும். யூஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்துச் செய்யும். யூஎஃப்எஸ் 2.2 என்பதே இஎம்எம்சி 5.1-ஐவிட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் படிக்கும். ‘வாங்கியபோது நன்றாகத்தான் இருந்தது, ஒரு வருடத்தில் தொங்க ஆரம்பித்துவிட்டது’ என்பவற்றில் பல இஎம்எம்சி போன்கள். சில மாடல்களில் குறைந்த ஸ்டோரேஜ் ரகத்துக்கு மட்டும் மந்தமான வகையைப் போட்டுவிட்டு, விளம்பரத்தில் மேல் ரகத்தின் எண்ணைக் காட்டுவார்கள். உங்கள் ரகத்துக்கு எது என்று தனியாகப் பாருங்கள்.

வெயிலில் வயலில் நின்று திரையைப் பார்க்க முடியுமா?

பளிச்சென்று தெரிவதை அளக்கும் அலகு நிட்ஸ். இதில் ஒரே போனுக்கு மூன்று எண்கள் இருக்கும்: வழக்கமான வெளிச்சம், வெயிலில் முழுத் திரையும் ஏறும் உச்சம், எச்டிஆர் வீடியோவில் திரையின் ஒரு துணுக்கு மட்டும் எட்டும் உச்சம். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் 3,000, 4,500 எல்லாம் மூன்றாவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. எச்பிஎம் என்று குறித்திருப்பார்கள். சித்திரை வெயிலில் வரப்பில் நின்று வாட்ஸ்அப் படிக்க 1,000 நிட்ஸ் எச்பிஎம் இருந்தால் நல்லது. 500, 600 என்றால் கையால் நிழல் பிடிக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத இன்னொன்று: போன் சூடேறினால் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கத்தரி வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டிய போன், வழியும் காட்டி சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரை மங்குவதைப் பார்க்கலாம். இது பழுதல்ல. பேட்டரி 45 டிகிரியை எட்டினால் பல போன்கள் சார்ஜ் ஏறுவதைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும், அதுவும் பாதுகாப்புக்குத்தான். பைக்கின் அதிர்வு மட்டும் உண்மையான கேடு: கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஓஐஎஸ் உள்ள கேமராவில் லென்ஸ் மிதந்து நகரும் அமைப்பு இருக்கிறது, தொடர்ந்த அதிர்வில் அது கெட்டுப்போகலாம்.

ஐபி68 போட்டிருக்கிறது. சேற்றில் விழுந்தால் பரவாயில்லையா?

ஐபிக்குப் பின் வரும் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 5 என்றால் தூசி ஓரளவு நுழையலாம், 6 என்றால் நுழையாது. தண்ணீரில் 4 என்பது தெறிப்புக்கு மட்டும். 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்பது அதற்கு மேல், எவ்வளவு ஆழம் எவ்வளவு நேரம் என்பதை நிறுவனமே சொல்ல வேண்டும். 9 என்பது பீய்ச்சி அடிக்கும் சூடான நீருக்கு. ஐபி64 போனைக் கடையில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று விற்பார்கள். அது தூறலுக்குத் தாங்கும், வாய்க்காலுக்குத் தாங்காது.

இந்தச் சோதனைகள் எல்லாம் புத்தம்புதுப் போனில், நல்ல தண்ணீரில் நடப்பவை. வயல் சேறு வேறு, சோப்புத் தண்ணீர் வேறு, கடல் நீர் முற்றிலும் வேறு. ஓரங்களை அடைத்திருக்கும் பசையும் ரப்பரும் இரண்டு வருடத்தில் இறுகிவிடும். ஒருமுறை திரை மாற்றினால் அந்தத் தரத்தை மறந்துவிடலாம். ஐபி68 என்று எழுதித்தரும் நிறுவனங்களே தண்ணீர் பட்ட பழுதை வாரண்டியில் எடுப்பதில்லை. சிம் தட்டுக் குழிக்குள் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஒரு சின்ன ஒட்டு பல போன்களில் இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான்.

நாகை, வேதாரண்யம் கடலோரத்திலும் உப்பளத்திலும் இருப்பவர்களுக்குத் தண்ணீரில் விழாமலேயே ஆபத்து உண்டு. உப்புக் காற்றின் ஈரம் சார்ஜ் துளையின் உள்ளிருக்கும் ஊசிகளை அரிக்கும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் மின்சாரமும் சேர்ந்து அரிப்பு வேகமாகும். ‘சார்ஜ் துளையில் ஈரம்’ என்று எச்சரிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். நெல் அடிக்கும் காலத்தில் பறக்கும் சுணை, ஸ்பீக்கர் வலையையும் மைக் துளையையும் அடைக்கும். நீங்கள் பேசுவது எதிர்ப்பக்கம் கேட்கவில்லையென்றால் ரிப்பேருக்கு ஓடுவதற்கு முன் காய்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டுப் பாருங்கள். ஊசியால் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும்.

விழுந்தே விட்டது என்றால்: அணையுங்கள். சேறோ உப்புத் தண்ணீரோ பட்டிருந்து, போன் ஐபி67 அல்லது 68 என்றால், நல்ல தண்ணீரில் மெல்ல அலசுங்கள். துளை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டி நீரை இறக்கி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் வையுங்கள். அதுவரை சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குப் பஞ்சமில்லாத ஊர்தான், ஆனாலும் போனை அரிசிப் பானைக்குள் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூள் துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஆப்பிள் நிறுவனமே 2024-ல் இதைச் செய்யாதீர்கள் என்று எழுதியது.

பேட்டரி எவ்வளவு வேண்டும்? வேகச் சார்ஜ் நம்பலாமா?

5,000 எம்ஏஎச் இன்று சாதாரணம். சிலிக்கான்-கார்பன் வகை வந்தபின் 6,000, 7,000 கூட ஒல்லியான போனில் வருகிறது. அடிக்குறிப்பில் இரண்டு எண்கள் இருக்கும். ‘டிபிக்கல்’ என்பது சராசரி, ‘ரேட்டட்’ என்பது உத்தரவாதமான குறைந்த அளவு. டவர் பலவீனமான ஊரில் போன் சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். நகரத்தில் ஒன்றரை நாள் வந்தது என்று விமர்சகர் சொன்னது உங்கள் தோப்பு வீட்டில் ஒரு நாளாகலாம். வீட்டில் 5ஜி நிலையாக எடுக்கவில்லையென்றால் நெட்வொர்க் வகையை 4ஜி என்று வைத்துவிட்டால் வித்தியாசம் தெரியும்.

80 வாட் என்று போட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் சார்ஜரும் அதே கேபிளும் இருந்தால்தான் 80. வேறு சார்ஜரில் 10, 15, 18 என்று இறங்கிவிடும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். இல்லையென்றால் அதன் விலையைப் போன் விலையோடு கூட்டுங்கள். பல நிறுவனங்களுக்கும் பொதுவான யூஎஸ்பி பிடி, பிபிஎஸ் சார்ஜ் முறையை ஏற்கும் போன் என்றால் அந்த முறையில் இயங்கும் எந்த நல்ல சார்ஜரும் பொருந்தும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில், தெருவோரத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கும் சார்ஜர் முதல் எதிரி. சார்ஜர் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு எண் அச்சிட்டிருக்க வேண்டும். அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

புயல் காலத்துக்கு என்று ஏதாவது பார்க்க வேண்டுமா?

வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரைகடந்தபின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது, டவர்களும் படுத்துவிட்டன. அந்த நிலையில் உதவுவது எஃப்எம் ரேடியோ. அது இணையம் இல்லாமல் இயங்கும், ஆனால் போனுக்குள் எஃப்எம் சிப் திறந்துவிடப்பட்டிருக்க வேண்டும். ஆன்டெனாவாக வயர் உள்ள இயர்போனும் வேண்டும். 3.5 மிமீ துளை இல்லாத போன்களில் பெரும்பாலும் இது கிடையாது. போன்களில் எஃப்எம்மை முடக்காதீர்கள் என்று மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2023-ல் அறிவுறுத்தியும் பட்டியல்களில் ‘ரேடியோ: இல்லை’ என்பதே அதிகம். பவர் பேங்க்கில் 10,000 எம்ஏஎச் என்பது உள்ளிருக்கும் செல்லின் கணக்கு. பின்பக்கம் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று 5,500, 6,000 போல் ஓர் எண் இருக்கும், அதுதான் வெளியே வருவது. 5,000 எம்ஏஎச் போனை ஒரு முறைக்குச் சற்று அதிகமாக ஏற்றும், அவ்வளவே. செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கைகள் இயங்கும்படி இருக்கிறதா என்றும் பார்த்துவையுங்கள்.

108 மெகாபிக்ஸல், 50 மெகாபிக்ஸல்: எது நல்லது?

எண்ணை விட்டுவிடுங்கள். 50 மெகாபிக்ஸல் கேமரா நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்ஸல் படம்தான் வழக்கமாகத் தரும். பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. அது 1/1.56, 1/2.76 என்று பின்னமாக எழுதப்படும்; கீழே உள்ள எண் சிறிதாக இருந்தால் சென்சார் பெரிது, இரவுப் படம் தெளிவு. இரண்டாவது, ஓஐஎஸ். மூன்று லென்ஸில் இரண்டு, ‘2 மெகாபிக்ஸல் மேக்ரோ’, ‘2 மெகாபிக்ஸல் டெப்த்’ என்றிருந்தால் அவை எண்ணிக்கைக்காக ஒட்டியவை. ஒரே கேமராவைக் கொண்ட நேர்மையான போன் மேல். பயிரில் விழுந்த புள்ளியைப் படம் பிடித்து வேளாண் அலுவலருக்கு அனுப்ப மேக்ரோ வேண்டுமே என்று கேட்பவர்கள், முதன்மைக் கேமராவில் 2 மடங்கு பெரிதாக்கி ஓர் அடி தள்ளிநின்று எடுத்துப் பாருங்கள்.

காதில் வைத்தால் திரை அணைவதில்லை, கன்னம் பட்டு அழைப்பு துண்டிக்கிறது. ஏன்?

காது அருகில் வருவதை உணர்ந்து திரையை அணைப்பது ப்ராக்ஸிமிட்டி சென்சார். இப்படிப்பட்ட போனின் பட்டியலில் ‘வெர்ச்சுவல் ப்ராக்ஸிமிட்டி’ என்று எழுதியிருக்கும், அல்லது எதுவுமே எழுதியிருக்காது. அசல் சென்சாருக்குப் பதில் போனின் அசைவையும் ஒலியலையையும் வைத்து ஊகிக்கும் மென்பொருள் அது. படுத்துக்கொண்டு பேசினால் குழம்பும். சென்சார் பட்டியலில் ப்ராக்ஸிமிட்டி, போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப், திசைகாட்டி மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். திசைகாட்டி இல்லாத போனில் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று மேப் காட்டாது. நாலடி நடந்தபின்தான் திரும்பும்.

கைரேகை விஷயத்தில், களையெடுத்து, கட்டுமான வேலை செய்து ரேகை தேய்ந்த கைகளுக்குத் திரைக்குள் இருக்கும் ஆப்டிகல் ரகத்தைவிடப் பக்கவாட்டுப் பொத்தான் ரகமே நம்பகம் என்பது எங்கள் கணிப்பு. வாங்கப் போகிறவரின் விரலை வைத்தே கடையில் சோதியுங்கள், அழைத்துப் போகிற பிள்ளையின் விரலை அல்ல.

போன் ஜிபிஎஸ் வைத்து வயலை அளக்கலாமா?

தோராயமாக அளக்கலாம், வரப்புச் சண்டைக்கு உதவாது. திறந்த வெளியிலும் போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். ஒரு குழி என்பது 12 அடிக்கு 12 அடி. நூறு குழி ஒரு மா. சதுரமான ஒரு மா நிலம் 120 அடிக்கு 120 அடி. ஒவ்வொரு பக்கமும் வெறும் 3 அடி வெளியே காட்டினால் 126 அடிக்கு 126 அடி, அதாவது 110 குழி. பத்துக் குழி எங்கிருந்தோ முளைத்துவிட்டது! இருபது மா கொண்ட வேலிக் கணக்கில் அளக்கும்போது இந்தப் பிசகின் விகிதம் சுருங்கும். எல்1, எல்5 என்று இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் எழுதிய போன், மரத்தடியிலும் கட்டடத்தருகிலும் குறைவாகத் தடுமாறும். உழவு கூலி, நடவு கூலி பேச இது போதும். எல்லைக்கு நில அளவரும் புலப்படமும்தான்.

எத்தனை வருடம் அப்டேட் வரும்?

இரண்டு எண்கள் தனித்தனி: ஆண்ட்ராய்டு பதிப்பு எத்தனை, பாதுகாப்புத் திருத்தம் எத்தனை வருடம். கணக்கு தொடங்குவது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நான்கு வருடம் என்று சொன்ன போனை, வெளிவந்து இரண்டு வருடம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் இரண்டுதான். போனிலேயே பணம் அனுப்புகிறவர்கள் பாதுகாப்புத் திருத்தத்தை அலட்சியம் செய்யக் கூடாது. விலை உயர்ந்த போன்களில் 7 வருடம் வரை இப்போது வந்துவிட்டது.

நீடித்து உழைக்குமா என்று அறிய ஒரு குறுக்குவழி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒவ்வொரு போனுக்கும் பேட்டரி எத்தனை சார்ஜ் சுழற்சி தாங்கும், கீழே விழுந்தால் எந்தத் தரம், பழுது பார்க்க எவ்வளவு எளிது என்று லேபிள் கட்டாயம். ‘எப்ரல்’ என்ற அவர்களின் பொதுத் தரவுத்தளத்தில் யாரும் பார்க்கலாம். இந்திய ரகத்தின் பேட்டரி வேறாக இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதை எப்படி அறிவது?

நிறுவனத் தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருந்தால் சரி. திருச்சி வரை போகவேண்டும் என்றால், கொடுக்க ஒருமுறை வாங்க ஒருமுறை என்று இரண்டு நாள் கூலி போகும் என்பதையும் விலையில் சேருங்கள். பிறகு அதே தளத்தில் உதிரிபாக விலைப் பட்டியலைத் தேடுங்கள். விவோ, ஓப்போ, ரியல்மி போன்றவை வெளியிடுகின்றன. திரையின் விலை போன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசியுங்கள். வளைந்த திரை இந்தக் கணக்கில் எப்போதும் தோற்கும்.

கதிர்வீச்சு அளவு என்று ஒன்று சொல்கிறார்களே?

எஸ்ஏஆர். போனின் அலையை உடல் எவ்வளவு உள்வாங்குகிறது என்ற அளவு அது. இந்தியாவில் ஒரு கிராம் திசுவுக்குச் சராசரியாகக் கணக்கிட்டுக் கிலோவுக்கு 1.6 வாட்தான் உச்சவரம்பு. *#07# அழுத்தினால் போனே காட்டும். வரம்புக்குள் இருக்கும் இரண்டு போன்களில் 0.9-ஐ விட்டு 0.7-ஐ வாங்குவதால் பெரிய லாபம் ஒன்றுமில்லை.

பழைய போன் வாங்கலாமா?

வாங்கலாம், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ பார்த்தபின். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ அதைப் போட்டால் போன் எந்த மாடல், திருட்டுப் பட்டியலில் முடக்கப்பட்டதா என்று தெரியும். 14422-க்கு கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், இடைவெளி, பிறகு அந்த எண் என்று எஸ்எம்எஸ் அனுப்பியும் அறியலாம். விற்பவர் தன் கூகுள் கணக்கை உங்கள் எதிரிலேயே நீக்கி, ரீசெட் செய்து தரவேண்டும். நீக்காமல் ரீசெட் செய்த போன் அவருடைய பாஸ்வேர்டு கேட்டுக் கதவை மூடிக்கொள்ளும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையில் எதைச் சோதிப்பது?

பெட்டி லேபிளில் மாடல் எண், தயாரித்த மாதம், எம்ஆர்பி பாருங்கள். தயாரித்து ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது என்றால் பேட்டரி சும்மா இருந்தே தேய்ந்திருக்கும். விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். *#06#-ல் வரும் எண்ணும் பெட்டியிலும் பில்லிலும் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசுங்கள், காதில் வைத்தபடியே. சாம்சங்கில் *#0*#, ஷாவ்மியில் *#*#6484#*# அழுத்தினால் திரை, சென்சார், ஸ்பீக்கர் சோதனைப் பட்டியல் திறக்கும். வெள்ளைத் திரையில் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். சினிமா பார்ப்பவர் என்றால் ‘டிஆர்எம் இன்ஃபோ’ செயலியைப் போட்டு படங்களைத் திருடாமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டு எல்1 என்று வருகிறதா பாருங்கள். எல்3 என்று வந்தால் கட்டணம் கட்டிய ஓடிடியிலும் படம் மங்கலாகவே ஓடும்.

வாங்கிய பின் குறை தெரிந்தால்?

ஜிஎஸ்டி பில் இருக்க வேண்டும். அதில் ஐஎம்இஐ எழுதியிருக்க வேண்டும். ‘பில் இல்லாமல் ஐந்நூறு குறைத்துத் தருகிறேன்’ என்பதற்குத் தலையாட்டினால் வாரண்டிக்கு அலைய வேண்டிவரும். ஆன்லைனில் ‘மாற்றிக் கொடுப்பு மட்டும்’ என்றிருந்தால் பணம் திரும்பாது. பெட்டியைப் பிரிப்பதை முழுவதுமாக வீடியோ எடுத்துவையுங்கள். கடையும் நிறுவனமும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில், பெட்டி லேபிளின் படம், சர்வீஸ் சென்டர் தந்த வேலைச்சீட்டு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். விவரப் பக்கத்தில் இருந்த ஒன்று போனில் இல்லை என்பதுதான் புகார் என்றால், வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பது அவசியம். தளத்தில் வரிகள் பிறகு மாறிவிடுவது உண்டு.